எலும்பு எங்கே?

டைனோசர் என்றாலே டி.ரெக்ஸ் படத்தைத்தான் எல்லாரும் நோட்டு அட்டையில் ஒட்டுறோம். நம்ம அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸை எத்தனை பேருக்குத் தெரியும்? ‘பெரிய உடம்புப் பல்லி’ என்று அர்த்தம். யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1987-ல் பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டராம். அடேங்கப்பா, வகுப்புக் கதவு உயரம்! அர்ஜென்டினோசாரஸுக்கே அந்த எலும்பு 1.55 மீட்டர்தான்.

‘உலகத்துலயே பெருசு நம்மளுதுதான்’ என்று மார்தட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளந்து பார்க்க எலும்பு வேணுமே! ஈரத்தில் ஊறிய அந்த எலும்புகள் எப்பவோ நொறுங்கிப் போச்சு. மிஞ்சியது சில படங்கள்தான். முதலில் அதை மாமிசம் தின்னும் வகை என்றே எழுதினார்கள். பிறகுதான் நீளக் கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். அதுக்குள்ள 100 டன்னுக்கு மேல் என்று எடை வேறு!

ஓடையில் எலும்பு மாதிரி கல் கிடந்தால் உடைத்துப் பார்க்காதீங்க. கிடந்த இடத்தைக் குறிச்சுட்டு வந்து சயின்ஸ் சாரிடம் சொல்லுங்க. இன்னொன்று, இந்த வருஷச் சுற்றுலாவுக்கு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் போகலாமே சார்?