பூங்கன்று கொடுக்குமுன் இலையைப் பாருங்கள்

புதிய இடத்தில் ஒரு கொட்டில் எழும்பியதும் எம்மக்கள் வாசலில் ஒரு பூங்கன்றை நட்டுவிடுவார்கள். அயலவர் ஒருவர் கல்வாழைக் கிழங்கு கொடுப்பார். இன்னொருவர் செவ்வந்தித் தடி கொடுப்பார். இது நல்ல வழக்கம், தொடரவேண்டும். ஆனால் கிழங்கோடும் தடியோடும் வைரசு நோயும் கைமாறக்கூடும்.

பூக்கன்றின் நோய்தானே என்று அலட்சியமாக இருப்பது தவறு என்பதே எமது கருத்து. வெள்ளரிச் சித்திரவடிவ வைரசை எடுத்துக்கொள்வோம். 1916இல் அமெரிக்காவில் வெள்ளரிப் பயிரில் விபரிக்கப்பட்ட இவ்வைரசு, 1,200க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும் என இன்று அறியப்பட்டுள்ளது. முற்றத்துச் சீனியா, பெற்றூனியா, லில்லி ஆகியவற்றையும், எமது சீவனோபாயமான மிளகாய், தக்காளி, வாழை ஆகியவற்றையும் அது தாக்கும். நோயுற்ற இலையில் சில விநாடிகள் வாய் வைத்த அழுக்கணவன், பறந்துபோய் அமரும் மிளகாய்க் கன்றுக்கும் நோயைக் கொடுத்துவிடும். பூச்சிநாசினி அதைக் கொல்லுமுன்னரே தொற்றல் நடந்து முடிந்துவிடும். அரை ஏக்கர் மிளகாயை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமா?

ஆகவே நோயை இனங்காணப் பழகுவோம். இளம் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் ஒழுங்கின்றிக் கலந்திருத்தல், மஞ்சள் வளையங்கள், இலை ஒடுங்கிச் சுருளுதல், கன்று குறளுதல், ஒரே நிறப் பூவில் திடீரெனக் கோடுகள் தோன்றுதல் ஆகியன வைரசின் அறிகுறிகள். பசளை போதாவிட்டால் பாத்தி முழுவதும் ஏறக்குறைய ஒரே விதமாக வெளிறும், பசளையிட்டால் தேறும். வைரசோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றும், பசளைக்குத் தேறாது. பங்கசு நோயிற் பெரும்பாலும் காய்ந்த புள்ளிகளோ பூஞ்சணமோ காணப்படும். குரோட்டனின் பல நிறங்கள் அதன் இயல்பு; அதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஐயம் இருந்தால் ஒரு கிளையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

அழகும் சில வேளை ஏமாற்றும். 1630களில் ஒல்லாந்தில் கோடு விழுந்த துலிப் பூக்களின் கிழங்குகளுக்குப் பெருவிலை கொடுத்தார்கள். 1637இல் அவ்விலை சரிந்தது. அக்கோடுகள் ஒரு தொற்றினால் வந்தவை என்பதை 1928இல் இங்கிலாந்தில் டொரத்தி கேலி என்னும் ஆய்வாளர் காட்டினார். அந்நோய் கிழங்குகளை நலிவடையச் செய்வதும் தெரியவந்தது.

வைரசு பிடித்த கன்றைக் குணமாக்கத் தெளிக்கும் மருந்து எதுவும் இல்லை. கடனுக்குப் பங்கசுநாசினி வாங்கித் தெளிப்பது வீண்செலவு. கன்றை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அதிலிருந்து தடியோ கிழங்கோ எடுக்கவேண்டாம். சில வைரசுக்கள் கையாலும் கத்தியாலும் பரவும். அடுத்த கன்றைத் தொடுமுன் இரண்டையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். களைகளையும் அகற்றுங்கள், வைரசு அவற்றிலும் தங்கியிருக்கும்.

இப்பொறுப்பு குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. குடியேறும் மக்களுக்கு நடுகைப் பொருள் பகிர்ந்தளிக்கும் நாம் உட்பட எல்லா நிறுவனங்களும், எத்தனை ஆயிரம் கன்றுகள் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. தாய்க்கன்று சுகமானதா என்று பார்த்தபின்பே கொடுக்கவேண்டும். எல்லாவற்றையும் இழந்து வந்தவரின் புதிய மண்ணில் நோயை நடுவது உதவியாகாது. கொடுப்போம், சுகமானதைக் கொடுப்போம்.