கடனும் கணிதமும்: குசினிக்குள் வராத பாடம்

சில வாரங்களுக்கு முன்னர் இலண்டனில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பதினைந்து வயதான அவரது மகன் முன்னறையில் கணித வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். பாத்திரமொன்றிலுள்ள பற்றீரியாக்கள் மணிக்கொரு தடவை இரட்டிப்பாகின்றன, பத்து மணி நேரத்தின் பின் அவை எத்தனை மடங்காகும் என்பது கேள்வி. இரண்டின் பத்தாம் அடுக்கு, 1,024 மடங்கு என்று கணப்பொழுதில் எழுதிவிட்டான். அடுத்தது, எட்டு நாட்களுக்கொரு தடவை பாதியாகத் தேயும் கதிரியக்க அயடீனைப் பற்றியது. அதனையும் சரியாகவே செய்து முடித்தான்.

அவ்வேளையில் தந்தையார் என்னைக் குசினிக்குள் அழைத்துக் கடனட்டைக் கணக்கு விபரத்தை நீட்டினார். “நாலு வருசமா ஒரு மாதமும் தவறாமல் கட்டுறன் அண்ணை. அட்டையால ஒரு சாமானும் வாங்கேல்லை. ஆனால் கடன் பாதியிலதான் நிக்குது. ஏமாத்துறாங்களோ?” என்று கேட்டார்.

எவரும் அவரை ஏமாற்றவில்லை. அவரது கேள்விக்கான விடை முன்னறையில், மகனின் அப்பியாசக் கொப்பியில் இருந்தது. அது தந்தைக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. எமது பிள்ளைகள் அட்சரகணிதத்தில் பெறும் புள்ளிகளை எண்ணி மகிழும் நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே எனக் கருதுகிறேன்.

நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் 2,000 பவுண். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை. ஒவ்வொரு மாதமும் ஆகக் குறைந்தது, மீதியில் நூற்றுக்கு மூன்று வீதம் செலுத்தினால் போதும் என்பது நிபந்தனை. முதல் மாதம் 30 பவுண் வட்டி சேர்ந்து 2,030 ஆகிறது. அதில் மூன்று வீதம் ஏறத்தாழ 61 பவுண். நண்பர் 61 பவுணைக் கட்டுகிறார், கடனோ 31 பவுண்தான் குறைகிறது. அடுத்த மாதம் மீதி குறைந்திருப்பதால் கட்டவேண்டிய தொகையும் குறைகிறது. சலுகைபோலத் தோன்றும் இந்தக் குறைவே பொறியாகும். மாதந்தோறும் கடன் 0.98455 என்னும் ஒரே எண்ணால் பெருக்கப்படுகிறது. அயடீனைப் போலவே இக்கடனுக்கும் ஓர் அரைவாழ்வுக் காலம் உண்டு. அது ஏறத்தாழ 45 மாதங்கள். பின்னர் எஞ்சியதில் பாதி தேய மேலும் 45 மாதங்கள். பாதியின் பாதி, அதன் பாதி என்று தேயுமேயன்றி, இவ்வகைச் சார்பு பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. (நடைமுறையில் கடன் மிகச் சிறுத்ததும் ஐந்து பவுண் போன்றதொரு அடிமட்டத் தொகை கேட்கப்படும். அதனாலேயே அது என்றோ ஒருநாள் முடிகிறது.)

அதே நண்பர், முதல் மாதத்தில் கட்டிய 61 பவுணைக் குறைக்காது ஒவ்வொரு மாதமும் கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நாற்பத்தாறாவது மாதத்தில் கடன் முற்றாகவே தீர்ந்திருக்கும்! நான்கு ஆண்டுகளில் ஒருவருக்குப் பாதிக் கடன், மற்றவருக்குக் கடனே இல்லை.

வளர்ச்சியின் பக்கம் இதனிலும் கொடியது. பயண முகவருக்குக் கொடுக்கவும், உறவினரை அழைக்கவும், கடை தொடங்கவும் எம்மவர் எம்மவரிடமே மூன்று வட்டிக்குக் கடன் பெறுவதை யாவரும் அறிவோம். 10,000 பவுணுக்கு மாதம் நூற்றுக்கு மூன்று என்றால், ஒரு சதமும் கட்டாத ஓராண்டின் முடிவில் எளிய வட்டிப்படி 13,600. வட்டிக்கு வட்டி போட்டால் ஏறத்தாழ 14,260. வித்தியாசம் அற்பமாகத் தோன்றுவதால் எவரும் வாதாடுவதில்லை. ஐந்தாண்டு சென்றபின் பாருங்கள். எளிய வட்டியில் 28,000, கூட்டு வட்டியில் 58,900க்கு மேல். ஒன்று கூட்டல் விருத்தி, மற்றையது பெருக்கல் விருத்தி. எமது மனமோ எப்போதும் கூட்டியே பழகியது. “மூன்று வட்டி” என்னும் ஒரே சொல் இரண்டையும் மூடி மறைக்கிறது.

முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். இலங்கையில் இன்றும் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தில், நிலுவை வட்டி முதலின் அளவை மிஞ்சலாகாது என்றொரு பழைய விதியுண்டு. இந்து தர்மசாத்திரங்களும் இதனை ஒத்த வரம்பை விதித்தன. முதலாவது இரட்டிப்பிலேயே வளைகோட்டை வெட்டிவிடும் விதி இது. பிரித்தானியாவிலும் 2015 சனவரி முதல், சம்பள நாள்வரை கொடுபடும் குறுங்காலக் கடன்களுக்கு வட்டியும் கட்டணங்களும் நாளொன்றுக்கு 0.8 வீதத்தையும், மொத்தமாகப் பெற்ற தொகையையும் மிஞ்சலாகாது என வரையறுக்கப்பட்டது. அந்த இரண்டாவது வரையறை இல்லாது, 0.8 வீதம் நாள்தோறும் வட்டிக்கு வட்டியாக ஓராண்டு ஏறினால் கடன் பதினெட்டு மடங்கைத் தாண்டும். எமக்குள் கைமாறும் கடன்களுக்கோ எழுத்துமில்லை, சாட்சியுமில்லை, வரம்புமில்லை. வட்டிக்கு வட்டி வாங்குவோர் சிலர் கோயில் திருவிழாக்களில் முன்வரிசையில் நிற்பதையும் காண்கிறோம்.

ரியூசனுக்கென்று வாரந்தோறும் செலவிடும் பெற்றோரும், வார இறுதிப் பாடசாலைகளை நடத்துவோரும் ஒன்று செய்யலாம். பற்றீரியாவை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் கையில் வீட்டுக் கடனட்டைக் கணக்கைக் கொடுக்கலாம். பெற்றோருக்கு இதில் கூச்சம் இருக்கும். கடனை மறைத்து வைப்பது எமது வழக்கம், அதிலும் பிள்ளைகளிடம்.

நண்பரும் முதலில் தயங்கவே செய்தார். பின்னர் மகனைக் குசினிக்குள் அழைத்தார். மீதி 947 பவுண். மாதம் 61 கட்டினால் எப்போது தீரும் என்று கேட்டோம். மகன் கணிப்பானை எடுத்து இருமுறை போட்டுப் பார்த்தான். பதினெட்டு மாதங்கள் என்றான். “இவ்வளவு நாளும் என்னட்டை ஏன் கேக்கேல்லை அப்பா?” என்றும் கேட்டான். தந்தையார் பதில் சொல்லவில்லை. மறுநாட் காலை, மாதந்தோறும் அறுபத்தொரு பவுண் தானாகவே செலுத்தப்படுமாறு வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் கூறினார்.