மல்லிக்கு அதிக விலை கொடுப்பது யார்? இத்தாலி குச்சியா, நம்ம அண்ணாமலையாரா?

வீட்டு காம்பவுண்ட் சுவர்மேல் படர்ந்து கிடக்கும் ரங்கூன் மல்லியைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ், அதற்கடுத்த நாள் சிவப்பு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடக்கிறவர்கள் யாரும் நின்று பார்க்காத அளவுக்குச் சாதாரணமான கொடி. இந்தப் பூவைத்தான் 2017-ல் இத்தாலியின் குச்சி நிறுவனம் (ஊதுபத்திக் குச்சி இல்லைங்க, 1921-ல் ஃபிளாரன்ஸில் தொடங்கிய ஃபேஷன் குச்சி) தன் ‘ப்ளூம்’ பெர்ஃப்யூமின் ஸ்பெஷல் என்று அறிமுகம் செய்தது. தென்னிந்தியாவில் ‘கண்டுபிடிக்கப்பட்ட’ பூவாம்! கூடவே மல்லி மொட்டுச் சாறு, சம்பங்கி. மூன்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட நம்ம ஊர் பூக்கடை வாசனைதான். 100 மில்லி பாட்டில் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? குச்சியின் தாய் நிறுவனமான பிரான்ஸின் கெரிங், தன் அழகுசாதனப் பிரிவை 400 கோடி யூரோவுக்கு லோரியாலிடம் விற்கப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. குச்சி பெயரில் பெர்ஃப்யூம் தயாரிக்கும் உரிமை தற்போது கோட்டி நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த 50 வருஷத்துக்கு லோரியாலுக்குப் போகும். அரை நூற்றாண்டுக்கு வாசனை ‘குத்தகை’ பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வாசனை விளையும் வயலில் நாளைக்கு என்ன விலை என்பது நாளைக்குக் காலையில்தான் தெரியும்.

பெயர் குச்சி, கை வேறு

ஃபேஷன் நிறுவனம் பெரும்பாலும் பெர்ஃப்யூம் தயாரிப்பதில்லை. பெயரை மட்டும் கொடுத்து ராயல்டி வாங்கும். பிராடா பெர்ஃப்யூமும் இப்படித்தான், லோரியால் கையில் இருக்கிறது. டோல்ச்சே அண்ட் கபானா மாதிரி சிலர் 2022-க்குப் பிறகு தாங்களே நடத்துகிறார்கள், அது விதிவிலக்கு. உரிமம் வாங்கியவரும் வாசனையை உருவாக்குவது இல்லை. ஜிவோடான், டிஎஸ்எம்-ஃபிர்மெனிக், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் என்று நாலைந்து ராட்சத கம்பெனிகள்தான் ஃபார்முலா எழுதுகின்றன. ‘ப்ளூம்’ வாசனையை உருவாக்கிய அல்பெர்ட்டோ மொரிலாஸ் ஃபிர்மெனிக்கைச் சேர்ந்தவர். இவர்களுக்குக் கீழேதான் பூச்சாறு ஆலை, அதற்கும் கீழே ஏஜென்ட், கடைசியில் விவசாயி. பாட்டிலுக்கும் வயலுக்கும் நடுவில் இத்தனை பேர்.

தமிழ்நாட்டில் பூச்சாறு எடுக்கும் ஆலைகள் கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல் வட்டாரங்களில் இருக்கின்றன. உலகத்துக்குத் தேவையான சம்பங்கிச் சாற்றில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்துதான் போகிறது. மல்லியில் கொஞ்சம் விசேஷம் உண்டு. குண்டுமல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள். மாலை போடுகிறவருக்கு மொட்டுதான் வேண்டும். ஆலைக்கோ விரிந்த பூ வேண்டும், ஏனென்றால் விரியும்போதுதான் வாசனை வெளியே வரும். அதனால் மொட்டைப் பரப்பிவைத்து, சாயங்காலம் விரியும்வரை காத்திருந்து, ராத்திரியில் ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் போடுகிறார்கள். முதலில் மெழுகு மாதிரி ஒன்று கிடைக்கும், அதன் பெயர் கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கழுவினால் மிஞ்சுவது அப்சல்யூட். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ரகத்தைப் பொறுத்து 700 கிலோ முதல் ஒரு டன் வரை பூ வேண்டும், சில ரகங்களில் அதற்கு மேலும் ஆகும்.

பாட்டிலில் எவ்வளவு பூ இருக்கு?

ஃபார்முலா ரகசியம். அதனால் ஒரு பேச்சுக்கு மட்டும் கணக்குப் போடலாம். 100 மில்லி பாட்டிலில் அரை கிராம் மல்லி அப்சல்யூட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 350 முதல் 500 கிராம் பூ. கிலோ 300 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் பூவின் விலை 105-லிருந்து 150 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் பாட்டிலில் விவசாயி பங்கு அவ்வளவுதான், அதிலும் பறிப்புக் கூலி போக வேண்டும். மீதி எல்லாம் கண்ணாடி, விளம்பரம், ராயல்டி, ஷோரூம் வாடகை, லாபம்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘மல்லி வாசனை’ என்றால் மல்லி இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மல்லியின் வாசனை மூலக்கூறு ஒன்றைப் பின்பற்றி ஃபிர்மெனிக் ஆய்வகத்தில் உருவான ஹெடியோன் என்ற ரசாயனம் 1966-ல் டியோரின் ‘ஓ சவாஜ்’ பெர்ஃப்யூமில் வந்தது. அதற்குப் பிறகு அது இல்லாத பெர்ஃப்யூமைத் தேட வேண்டியிருக்கிறது. நிஜப் பூ ரொம்ப விலை ஏறினால் கம்பெனி ஃபார்முலாவில் அளவைக் குறைத்துக்கொள்ளும். விவசாயிக்கு அப்படி ஒரு வழி இல்லை.

அண்ணாமலையார் ரேட்

திருவண்ணாமலைக்கு வருவோம். சுற்றுவட்டார கிராமங்களில் விளையும் மல்லி, சம்பங்கி, சாமந்தி பெரும்பாலும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தலையில் வைக்கவும் போகிறது. கார்த்திகை, மார்கழிப் பனியில் மொட்டு குறையும். அதே சமயத்தில்தான் தீபம், அப்புறம் பொங்கல், தை முகூர்த்தம். தமிழ்நாட்டுச் சந்தைகளில் மல்லி கிலோ 2,000, 3,000 ரூபாய் என்று எகிறுவது இந்தச் சீசனில்தான். அதே மேற்படி 350 கிராம் பூ, 2,000 ரூபாய் ரேட்டில் 700 ரூபாய். அதாவது நம்ம மல்லிக்கு அதிக விலை கொடுப்பது ஃபிளாரன்ஸ்காரர் இல்லை, கிரிவலம் வந்து மாலை வாங்கும் குடும்பம்தான்.

விலை ஏறும்போது ஆலைக்காரர் சந்தைப் பக்கமே வரமாட்டார். கோடையில் பூ கொட்டோ கொட்டென்று கொட்டி, பறிப்புக் கூலிக்கே பத்தாது என்கிற நாளில்தான் வருவார். இதைக் குறையாக மட்டும் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் வாங்காவிட்டால் பூ குப்பைக்குத்தான் போகும். ஆக கோயில் உச்ச விலையைத் தருகிறது, ஆலை தரைவிலையைத் தாங்குகிறது. பக்கத்தில் ஆலை இல்லாத திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் அந்தத் தரைவிலையும் கிடையாது. இங்கே கேட்க வேண்டியது இதைத்தான். 50 வருஷத்துக்குப் பெயரை எழுதி வாங்குகிறவர்கள், ஒரு சீசனுக்காவது பூவுக்கு விலை எழுதித் தரலாமே?

வாசனைக்கு இந்த ஊரில் வேறு விதமான சட்டங்களும் உண்டு. அண்ணாமலையாருக்குத் தல விருட்சம் மகிழமரம். தாழம்பூ மட்டும் சிவபூஜையில் சேர்த்தி இல்லை. பிரம்மா முடியைப் பார்த்ததாக அது பொய்ச்சாட்சி சொன்ன கதை நடந்தது இதே மலையில் என்பது ஐதீகம். சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்து பார்க்கவும் கூடாது. முகர்ந்ததற்காக ராணியின் மூக்கை அரிந்தவர் செருத்துணை நாயனார்! ‘டெஸ்டர்’ பாட்டில் கலாசாரத்துக்கு நேர் எதிர்.

செருப்புக்குக் கிடைத்தது பூவுக்குக் கிடைக்குமா?

2025 ஜூனில் மிலன் ஃபேஷன் ஷோவில் பிராடா ஒரு செருப்பைக் காட்டியது. பார்த்தால் அச்சு அசல் கோலாப்பூரி. இந்தியாவின் பெயரே சொல்லவில்லை. சோஷியல் மீடியாவில் வறுத்தெடுத்த பிறகு, இந்தியக் கைவினையிலிருந்து வந்த தாக்கம்தான் என்று ஒப்புக்கொண்டது. டிசம்பரில் மகாராஷ்டிரா, கர்நாடகா அரசுத் தோல் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2,000 ஜோடி இங்கேயே செய்து ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கத் திட்டம் அறிவித்தது. கோலாப்பூரிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது பேரம் பேச உதவியது.

மதுரை மல்லிக்கும் 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் செருப்பைப் பார்த்தவுடன் எந்த ஊர் என்று தெரிகிறது. பூ, சாறாகி, இன்னும் பல சரக்குகளோடு கலந்த பிறகு லேபிளில் ‘பர்ஃபம்’ என்ற ஒற்றைச் சொல்தான். ஊரும் தெரியாது, பறித்தவர் யார் என்றும் தெரியாது. இது வெறும் பெருமைப் பிரச்சினை இல்லை. எகிப்து மல்லித் தோட்டங்களில் குழந்தைகள் பூப்பறிப்பதை 2024-ல் பிபிசி வெளியிட்டபோது பெரிய பிராண்டுகளின் சப்ளை வரை கேள்வி போனது. பறிப்புக் கூலி கிலோ கணக்கில் இருக்கும் இடத்தில், கிலோ விலை விழுந்தால் முதலில் அடிவாங்குவது கூலிதான். அந்தக் கணக்கு எகிப்துக்கு மட்டும் உரியது இல்லை.

இப்போதைக்கு ‘ப்ளூம்’ பற்றிய அறிமுகத்தில் இருப்பது ‘தென்னிந்தியா’ மட்டும்தான். உரிமம் கைமாறும்போது ஃபார்முலாவும் விளம்பரமும் மறுபடி எழுதப்படலாம். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு மாவட்டத்தின் பெயரும், பூவுக்கு இன்ன விலை என்ற ஒப்பந்தமும் வருமா என்பதை லோரியால் சொல்ல வேண்டும்.