வாயுவா, மாரடைப்பா?

நடுநெஞ்சில் பாரம், உடம்பெல்லாம் வியர்வை, இடது தோளில் வலி. ‘வாயுதான்’ என்று சோடாவைக் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது தெரியுமா?

ரத்தக்குழாய் அடைபட்டதும் அந்தப் பகுதிச் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. ஓரிரு நிமிடங்களில் துடிப்பதை நிறுத்திவிடும். நீர் கோத்து வீங்கும். ஆனால் சாகாது. சுமார் 20 நிமிடத்துக்குள் ரத்தம் திரும்பினால் பிழைத்துக்கொள்ளும். தாண்டினால் செல்லின் மேலுறை சிதைந்து, உள்ளிருக்கும் ட்ரோபோனின் புரதம் ரத்தத்தில் கசியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துத் தேடுவது இதைத்தான். அது தெரியவர நேரம் பிடிக்கும். அதனால்தான் முதல் டெஸ்ட் நார்மல் என்றாலும் சில மணி நேரத்தில் மறுபடி எடுக்கிறார்கள். காசு பிடுங்கத்தான் என்று கோபிக்காதீர்கள்!

20 நிமிடம் போய்விட்டால் எல்லாம் போச்சா? இல்லை. இதயச் சுவரின் உள்பக்கம் முதலில் சாகும். வெளிப்பக்கம்வரை பரவச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் அடைப்பை நீக்கினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். செத்த இடத்தில் கல்லீரல்போல் புதிதாக வளராது, தழும்புதான் மிஞ்சும்.

உடனே 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம்; அதுவும் மாரடைப்பாக இருக்கலாம்.