சோம்பேறிப் பட்டம்

கூலிக்காரரிடம் நிலமில்லாததற்குச் சோம்பலும் குடியுமே காரணம் என்ற பேச்சு அச்சரப்பாக்கம் வட்டாரத்துத் திண்ணைகளில் இன்றும் எடுபடுகிறது. அரசு ஆவணம் சொல்வது வேறு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, பறையர் மக்களுக்கு நிலம் ஏன் கிடைக்கவில்லை என்பதைக் காட்டியது. தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து (விண்ணப்பம்) போட்டால், முதல் உரிமை பரம்பரை நில உரிமையாளரான மிராசுதாருக்கு. தலைமுறையாக அதைத் தரிசாகவே போட்டிருந்தாலும் அவருக்குத்தான்! குடிசை நின்ற மனையும் பல ஊர்களில் அவர் பிடியில். கூலி போதாது என்று வாய் திறந்தால் கூரையும் போகும். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர் சோம்பேறியாம். வரப்பில் குடை பிடித்து நின்றவர் உழைப்பாளியாம்.

அந்த அறிக்கையை ஒட்டி 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கான பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் கிடக்க, நிலம் கைமாறியது. காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர்.