விதை நமது, வித்தை யாருடையது?

2016-ம் வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ய வேண்டிய மழையில் நூற்றுக்கு 62 பங்கு பெய்யவில்லை. காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் நின்ற இடத்திலேயே கருகிற்று. 2021 ஜனவரியில் இதற்கு நேர்மாறாயிற்று. முற்றி நின்ற கதிர்கள் பருவம் தவறிய மழையில் சாய்ந்து நீரில் மூழ்கின. அதற்கும் முன்னர், 2004 டிசம்பரில், கடல் பொங்கி நாகப்பட்டினக் கரையோர வயல்களை உப்பாக்கிச் சென்றது. வறட்சி, வெள்ளம், உவர் என்ற மூன்று சத்துருக்களும் ஒரே படுகையின் வாயிலில் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு எவ்வளவு நிவாரணம் என்று சட்டசபையில் வாதாடுகிறோம். நிவாரணம் அவசியமே. ஆனால் பயிர் அழிந்த பின் கொடுக்கும் பணத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், பயிர் அழியாமல் நிற்கும் வழியைக் கண்டறிய வேண்டிய வாலிபர்களைப் பற்றி ஒரு நாளாவது பேசியதுண்டா?

இத்தேசத்தில் அத்தகைய பயிர் இல்லாமலில்லை. ஒடிஸாவின் தாழ்நிலங்களில் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த ஒரு நெல்லிலிருந்து எப்.ஆர். 13 ஏ என்ற ரகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலும் மடியாது. கேரளத்தின் பொக்காளி நெல் கடல்நீர் ஏறும் வயலில் விளைகிறது. வங்கத்தின் நோனா போக்ரா உப்பைத் தாங்குகிறது. ஐக்கிய மாகாணம் என்று முன்னர் வழங்கிய உத்தரப் பிரதேசத்தின் நகீனா 22 வெப்பத்தையும் வறட்சியையும் பொறுக்கிறது. எழுத்தறியாத நம் விவசாயி, சர்க்காரின் உதவி யாதொன்றும் இன்றி, காத்துக் கொடுத்த செல்வம் இது.

இனி இச்செல்வத்தின் இரகசியத்தை அறிந்தவர் யார் என்று பார்ப்போம். சாதாரண நெல் வெள்ளத்தில் மூழ்கினால் தலையை வெளியே நீட்ட அவசரமாக வளர்ந்து, தன்னிடமுள்ள சத்தையெல்லாம் செலவழித்து மாண்டுபோகிறது. எப்.ஆர். 13 ஏ அவ்விதம் செய்வதில்லை. வளர்ச்சியை அடக்கி, சத்தைச் சேமித்து, நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கிறது. இந்தக் குணத்தைத் தரும் சப் 1 ஏ என்ற மரபணுவை 2006-ல் கண்டு வெளியிட்டவர்கள் கலிபோர்னியா சர்வகலாசாலையையும், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி ஸ்தாபனத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள். நோனா போக்ரா தன் இலைகளில் உப்பு ஏறாமல் எவ்வாறு தடுக்கிறது என்பதை 2005-ல் விளக்கியவர்கள் ஷாங்காய் நகரத்தின் சீன விஞ்ஞானிகள். ஒடிஸாவின் நெல், கலிபோர்னியாவின் கண்டுபிடிப்பு. வங்கத்தின் நெல், சீனத்தின் கண்டுபிடிப்பு.

இதைத் திருட்டு என்று கூச்சலிடுவோரின் கட்சியில் நாம் சேரவில்லை. வழக்கை நேர்மையாக எடுத்துரைப்பதாயின், அந்த விஞ்ஞானிகளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்றே சொல்ல வேண்டும். ஆந்திரத்தில் தோன்றிய ஸ்வர்ணா நெல்லில் அந்த மரபணுவைச் சேர்த்து உண்டாக்கிய ஸ்வர்ணா சப் 1 இந்தியாவில் 2009-ல் வெளிவந்து, வெள்ளம் பாயும் நிலங்களில் பெரும் உபகாரம் செய்திருக்கிறது. நம் டெல்டாவில் சி.ஆர். 1009 சப் 1 அதே வழியில் வந்ததுதான். அறிவுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அடுத்த பஞ்சத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் வேண்டிய விடையை இன்னொருவர் தமக்கு அவகாசம் கிடைக்கும்போது கண்டு கொடுக்கட்டும் என்று காத்திருப்பது சுதந்திர தேசத்துக்கு அழகாகுமா?

நம்மவர்க்குத் திறமை போதாது என்பார்க்குக் கோயம்புத்தூரே பதில் சொல்லும். 1912-ல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது டாக்டர் பார்பரின் கீழ் உதவியாளராகச் சேர்ந்தவர் டி. எஸ். வெங்கடராமன். உயர்ந்த கரும்பைப் பேய்க்கரும்போடு கலந்து 1918-ல் வெளியிட்ட கோ 205 வடஇந்தியக் கரும்பு விவசாயத்தின் போக்கையே மாற்றிற்று. காட்டுப் புல்லின் உறுதி வயல் பயிருக்கு வந்தது. பார்பருக்குப் பின் வெங்கடராமன் அந்த வேலையைத் தலைமையேற்று நடத்தி, 1942-ல் ஓய்வு பெற்றார். முப்பது வருஷம் ஒரே பயிர், ஒரே நிலையம், ஒரே நோக்கம்! அந்நியர் ஆட்சியில் சாத்தியமாயிருந்தது நம்முடைய ஆட்சியில் அரிதாகிவிட்டது என்றால் அதற்கு யார் பொறுப்பு?

கோளாறு எங்கே என்பதைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். கலப்புச் செய்த நாள் முதல் ஒரு நெல் ரகம் குடியானவன் கைக்கு வர ஏறக்குறைய எட்டு முதல் பத்து வருஷம் பிடிக்கிறது. ஆராய்ச்சி மாணவருக்குச் சர்க்கார் தரும் உபகாரச் சம்பளமோ அதிகபட்சம் ஐந்து வருஷம். ஆராய்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். பயிரின் ஆயுளுக்கும் உத்தியோகத்தின் ஆயுளுக்கும் பொருத்தமில்லை. வாலிபன் உப்புநிலத்தின் குணத்தை அறிந்துகொள்ளும் தறுவாயில் அவனுடைய சம்பளம் நின்றுவிடுகிறது. அவன் வேறு வேலை தேடுகிறான், அல்லது கப்பலேறிய முன்னோரைப் போல விமானமேறுகிறான். கொடுக்கும் தொகையும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்று ஆராய்ச்சி மாணவர்கள் பலமுறை தெருவில் நின்று முறையிட்டிருக்கிறார்கள். 2020-21-ல் இத்தேசம் சகலவித ஆராய்ச்சிக்கும் செலவிட்டது மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 0.64 பங்கு மாத்திரமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சி முறையிலும் ஒரு குறை உண்டு. பயிரின் பொறுமையை ஆராய்வதற்கு ஒரு சாஸ்திரம் போதாது. மரபணுவைப் படிக்கத் தெரிந்தவன், வேர் நீரை எவ்வாறு உறிஞ்சுகிறது என்பதையும் அறிய வேண்டும். கணக்கு அறிய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சித்திரை வெயிலில் வயலில் நின்று பழக வேண்டும். பூக்கும் தருணத்தில் வெப்பம் 35 பாகைக்கு மேல் ஏறினால் நெல்மணி பதராகிறது. இதைக் கண்ணாடி அறையில் இருந்து மட்டும் படித்தவன் பாதி படித்தவனே. ஆய்வுக்கூடத்தைக் காணாத வயல்காரனும், வயலைக் காணாத ஆய்வாளனும் சந்திக்காத வரையில் புதிய விதை பிறக்காது.

தனியார் விதைக் கம்பெனிகள் இதைப் பார்த்துக்கொள்ளும் என்பது சிலருடைய வாதம். கம்பெனி லாபம் உள்ள இடத்துக்குப் போகும், அதில் தவறில்லை. ஆனால் தன் விளைச்சலிலேயே விதைநெல் எடுத்துவைக்கும் ராமநாதபுரத்து மானாவாரிக் குடியானவனிடம் கம்பெனிக்கு என்ன லாபம்? அவனுக்கு அண்ணா 4 என்ற நெல்லைக் கொடுத்தது பரமக்குடியில் உள்ள பொது ஆராய்ச்சி நிலையமே. உவர் நிலத்துக்குத் திருச்சி 1, திருச்சி 3 முதலிய ரகங்களைத் தந்ததும் திருச்சியின் சர்க்கார் விவசாயக் கலாசாலையே.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் போகவில்லை. 2025 மே மாதத்தில் டெல்லி விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், மரபணுத் திருத்தம் செய்து உப்பையும் வறட்சியையும் தாங்கும்படி ஆக்கிய புஸா டி.எஸ்.டி. நெல் 1 என்ற ரகம் அறிவிக்கப்பட்டது. திருத்திய மரபணுவின் தொழிலை 2009-ல் முதலில் விவரித்தவர்கள் சீனர் என்றாலும், அதை நம் நெல்லில் செய்து காட்டியவர்கள் நம்மவர். அதன் பரிசோதனை முடிவுகளைப் பற்றிச் சிலர் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். சந்தேகத்தைத் தேசத்துரோகம் என்று தள்ளாமல், முடிவுகளை முழுமையாக வெளியிட்டு, பல ஜில்லாக்களின் வயல்களில் மெய்ப்பிப்பதே முறை. சந்தேகத்துக்கு விஞ்ஞானத்தில் பதில் சொல்லும் வாலிபர்களும் நமக்கு வேண்டும்.

ஆகையால் நாம் கேட்பது இவ்வளவே: ஒவ்வொரு முக்கியப் பயிருக்கும் பத்து வருஷத்துக்குக் குறையாத ஆராய்ச்சி நியமனங்கள், மாதம் தவறாத சம்பளம், நாகையின் உவர் வயலிலும், பரமக்குடியின் கரிசலிலும், கோயம்புத்தூரின் ஆய்வுக்கூடத்திலும் மாறிமாறிப் பயிற்சி, வெளிநாடு சென்று கற்றவர் திரும்பி வந்தால் அவருக்கென ஒரு நாற்காலியும் ஒரு வயலும்.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தின்போது உங்கள் பிரதிநிதியிடம் நிவாரணத் தொகையைப் பற்றிக் கேளுங்கள். அத்துடன் நம் ஆராய்ச்சி நிலையங்களில் காலியாகக் கிடக்கும் இடங்கள் எத்தனை என்றும் கேளுங்கள். முன்னோர் விதையைக் காத்தார்கள். அதன் பொருளை அறிபவரைக் காப்பது நம் கடமை. அதில் தவறினால், வெள்ளம் வரும்போதெல்லாம் நம் விதையின் விடையை அயலார் வாசலில் நின்று கேட்கும் நிலைமை நீங்காது.