ரப்பர் கொடுத்தது யார்? அரிசி கொடுத்தது யார்?

“ரஷ்யாவிலும் கம்யூனிஸ்டு ஆட்சி இருந்தது, சீனாவிலும் கம்யூனிஸ்டு ஆட்சி. இரண்டும் ஏன் மோதிக்கொண்டன? வியட்நாமும் செங்கொடி நாடுதானே, 1979-ல் சீனப்படை ஏன் அதன் எல்லைக்குள் புகுந்தது?” நமது கீரமங்கலத்தில் பூ மார்க்கெட்டிலும் டீக்கடை பெஞ்சிலும் கட்சி ஊழியர்களைப் பார்த்து ஜனங்கள் கேட்கும் கேள்வி இது. குதர்க்கக் கேள்வி அல்ல, நியாயமான கேள்வி.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வருகின்றன. முதலாளித்துவப் பத்திரிகைகள், “பதவி மோகம் கொண்ட தலைவர்களின் சொந்தப் பகை” என்று எழுதுகின்றன. நம்மவர்களில் சிலர், “இன்ன தலைவர் துரோகம் செய்துவிட்டார்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பதில்கள்தான். கோடானுகோடி மக்கள் வாழும் நாட்டின் சரித்திரத்தை நாலு பேருடைய குணத்தில் தேடுகின்றன.

நமது ஊர் விஷயங்களை நாம் அப்படியா பார்க்கிறோம்? 2017-ல் பக்கத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் திரண்டார்களே, எந்தப் பேச்சாளரின் வாய்ஜாலத்தால் திரண்டார்கள்? நிலமுள்ளவரும், குத்தகைக்காரரும், கூலிக்குப் பூப்பறிக்கும் பெண்களும் அதே நிலத்தடி நீரை நம்பிப் பிழைக்கிறவர்கள். தண்ணீர் போனால் எல்லோர் பிழைப்பும் போகும். ஆகவே ஒன்று சேர்ந்தார்கள். யார் எதைச் செய்து பிழைக்கிறார்கள், யார் சொல் எடுபடுகிறது, யார் வாய் அடைபட்டிருக்கிறது என்று கணக்கெடுத்துப் பார்ப்பதற்குத்தான் படித்தவர்கள் சமூகவியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமது நாட்டுக்கு இந்த அளவுகோலை வைக்கிறோம். சோஷலிச நாடுகளின் அரசியலுக்கும் வெளிநாட்டுக் கொள்கைக்கும் அதையே வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

1952-ம் வருஷத்து ஒப்பந்தம்

புதுக்கோட்டைச் சீமையிலிருந்து ஏராளமான குடும்பங்கள் கங்காணி பின்னால் போன இலங்கையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

1952 டிசம்பரில் பீக்கிங் நகரில் இலங்கையும் மக்கள் சீனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வருஷத்துக்கு 50,000 டன் ரப்பரை இலங்கை கொடுக்கும். 2,70,000 டன் அரிசியைச் சீனா கொடுக்கும். ஐந்து வருஷத்துக்கு இந்த ஏற்பாடு. ரப்பருக்கு உலக மார்க்கெட்டை விட அதிக விலை தரவும் சீனா சம்மதித்தது.

கையெழுத்திட்ட இலங்கைச் சர்க்கார் எது? டட்லி சேனநாயக தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சிச் சர்க்கார். கம்யூனிஸ்டு எதிர்ப்பில் ஊறிய கட்சி. சீனாவுடன் தூதர் உறவுகூட அன்று கிடையாது; அது 1957-ல்தான் ஏற்பட்டது. அமெரிக்கா மிரட்டியது, உதவி தர மறுத்தது. ஆயினும் ஒப்பந்தம் நடந்தது. ஏன்?

கொள்கை நூல்களில் தேடினால் விடை கிடைக்காது. சமூகத்தைப் பாருங்கள். கொரிய யுத்தத்தின் தொடக்கத்தில் ஏறிய ரப்பர் விலை பிறகு சரிந்துவிட்டது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. இலங்கையில் ரப்பர், பெரிய தோட்டத் துரைமார்களிடம் மட்டும் இல்லை. சிங்களச் சிறு உடைமையாளர்கள் பல்லாயிரம் பேரிடம் இருந்தது. அவர்கள் வாக்காளர்கள். பங்கீட்டு அரிசியை நம்பிய நகரத்து ஏழையும் வாக்காளன். இந்த இரண்டு கூட்டத்தாரையும் பகைத்துக்கொண்டு எந்தச் சர்க்காரும் கொழும்பில் நீடிக்க முடியாது.

சீனாவின் பக்கம் பாருங்கள். 1950 ஜூனில் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்து, இரண்டு மூன்று வருஷங்களில் சுமார் 30 கோடி விவசாயிகள் நிலம் பெற்றார்கள். நிலப்பிரபுவுக்குப் போய்க்கொண்டிருந்த வாரம் நின்றது. விவசாயி தானியமாகச் செலுத்திய வரி புதிய அரசின் களஞ்சியத்துக்கு வந்தது. அதே அரசு கொரியாவில் அமெரிக்கப் படையை எதிர்த்து நின்றது. லாரிக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். 1951 மே மாதத்தில் ஐ.நா. பொதுச்சபை சிபாரிசு செய்த தடையினால் மலேயா ரப்பரும் கிடைக்கவில்லை. ஆகவே ஏகாதிபத்திய முற்றுகையை உடைக்க, கம்யூனிஸ்டு விரோதச் சர்க்காருடனேயே சீனா கைகுலுக்கியது.

கைகுலுக்கலில் இல்லாதவர்கள்

ஆனால் அந்த ரப்பர் பாலை வடித்தவர்கள் யார்? சிங்களத் தொழிலாளரோடு நமது தமிழ்த் தொழிலாளரும் வடித்தார்கள். 1948-ம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1949-ல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு எந்த மந்திரியும் பயப்பட வேண்டியதில்லை. 1964 அக்டோபரில் சிரிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கு பிரித்தார்கள். அப்போதும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? சர்க்காருக்கும் சர்க்காருக்கும் உள்ள உறவு வேறு. வர்க்கத்துக்கும் வர்க்கத்துக்கும் உள்ள உறவு வேறு. சோஷலிச அரசு செய்துகொள்ளும் வியாபார ஒப்பந்தம் எதிர்த்தரப்பு நாட்டின் தொழிலாளிக்கு விடுதலை வாங்கித் தந்துவிடாது. அதை அவன்தான் போராடிப் பெற வேண்டும். 1953-ல் அரிசிப் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு அதே சேனநாயக சர்க்கார் உயர்த்தியபோது, ஆகஸ்டு 12-ந் தேதி இலங்கை ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. அக்டோபரில் பிரதமர் ராஜினாமாச் செய்தார். சீன அரிசி கப்பலில் வந்தது உண்மை. அது ஏழையின் சட்டிக்குக் கட்டுப்படியான விலையில் வர வேண்டுமானால் தெருவில் இறங்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

கசப்பான பக்கம்

இந்த அளவுகோல் நமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் பயன்படுவதல்ல. 1959 முதல் 1961 வரை சீனாவில் கொடிய பஞ்சம் ஏற்பட்டு, கோடிக்கணக்கான கிராமத்து ஜனங்கள் மாண்டார்கள். அதே 1959-ல் சீனாவிலிருந்து தானியம் ஏற்றுமதியும் ஆனது. களத்தில் விளைச்சல் குறைந்தது. மேலே போன கணக்கிலோ விளைச்சல் பெருகியது. உண்மையைச் சொன்ன ஊழியனுக்கு ‘வலதுசாரி’ என்ற பட்டம் காத்திருந்தது. நிலம் பெற்ற விவசாயிக்கு, விளைந்த நெல்லைப் பற்றிப் பேசச் சொந்தமான சுதந்திர ஸ்தாபனம் இல்லை. இதை மறைத்துப் பேசுவது கட்சிப் பற்று ஆகாது. எதிரி இதைச் சொல்லிச் சோஷலிசத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறான். நாமோ காரணத்தைக் கண்டுபிடித்து, இனி நடக்காமல் தடுக்கும் வழியைச் சொல்ல வேண்டும்.

சோவியத் - சீனத் தகராறும் இப்படித்தான். 1960-ல் சோவியத் யூனியன் சீனாவிலிருந்து தன் நிபுணர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அன்று சோவியத் ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதி நகரவாசிகள். இரண்டாவது உலக யுத்தத்தில் சுமார் 2 கோடியே 70 லட்சம் உயிர்களைப் பறிகொடுத்த சமூகம் அது. வீடும் துணியும் சமாதானமும் அதன் தேவை. ‘சமாதான சகவாழ்வு’ என்ற கொள்கைக்கு அங்கே வேர் இருந்தது. சீனாவிலோ நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கிராமவாசிகள். எதிரே தைவானை அமெரிக்கக் கடற்படை காத்து நின்றது. ஐ.நா. ஆசனம் 1971 வரை மறுக்கப்பட்டது. அந்தச் சமூகத்தின் காதில் ‘சகவாழ்வு’ வேறு மாதிரி ஒலித்தது. குருஷ்சேவும் மாசேதுங்கும் எப்படிப் பேசினார்கள் என்பது இதற்குப் பிறகு வரும் விஷயம்.

வியட்நாமைப் பாருங்கள். கூட்டு விவசாயத்தில் விளைச்சல் தேங்கியது. 1988-ல்கூட வடக்கே உணவுத் தட்டுப்பாடு. அந்த வருஷம் ஏப்ரலில் கட்சியின் தீர்மானம் நிலத்தை நீண்டகாலச் சாகுபடிக்குக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. 1989-ல் வியட்நாம் 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. அதே வருஷம் கம்போடியாவிலிருந்து தன் படையைத் திருப்பியழைத்தது. 1991-ல் சீனாவுடனும், 1995-ல் அமெரிக்காவுடனும் உறவைச் சீராக்கிக்கொண்டது. சோவியத் உதவி குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் வயலில் வந்த மாற்றமும் வெளிநாட்டு மந்திரியின் மேஜையில் வந்த மாற்றமும் ஒரே காலத்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சமூகவியல் எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று நான் சொல்லவில்லை. எல்லைத் தகராறும், பழைய சரித்திரப் பகையும், தேசிய உணர்ச்சியும், தலைவர்களின் தவறும் உண்டு. 1979-ம் வருஷ யுத்தத்தை வயலையும் நெல்லையும் வைத்து மட்டும் விளக்க முடியாது. ஆனால் சமூகத்தை விட்டுவிட்டுத் தலைவர்களை மட்டும் பார்க்கிறவனுக்கு, எந்தத் தவறு ஏன் எடுபட்டது என்பது கடைசிவரை விளங்காது.

ஆகவே தோழர்களே! படிப்பு வட்டங்களில் வெளிநாட்டுச் செய்தி விவாதத்துக்கு வரும்போது மூன்று கேள்விகளை முதலில் கேளுங்கள். அந்த நாட்டில் விளைவிக்கிறவன் யார்? விளைந்ததைப் பங்கிடுகிறவன் யார்? பங்கீடு தவறினால் வாய்திறந்து கேட்க விளைவிக்கிறவனுக்கு வழி உண்டா? ஆட்சியில் எந்த நிறக்கொடி பறந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். டீக்கடை பெஞ்சில் நம்மைக் கேட்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். பூ விலை ஏன் விழுகிறது என்று நன்றாக அறிந்த அந்த ஜனங்களுக்கு, உலக அரசியலையும் அதே பாஷையில் சொல்வது நமது கடமை.